மென்சா சேரை வகுப்பில் இருக்க விடு

தம்பி,

பெற்ற மகனை வீட்டில் இப்படிக் கூப்பிட்டுத்தான் வளர்த்தேன். அதனால் நாலு பேர் பார்க்க எழுதும்போதும் இப்படியே கூப்பிடுகிறேன். சின்ன வயதில் நீ சனிக்கிழமைகளில் போன தமிழ்ப் பள்ளிக்கூடம் இந்த வருட மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. எங்களிடம் படித்த பிள்ளை இன்று லண்டனில் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு மேலே எக்சிகியூட்டிவ் ஹெட், அந்தப் பிள்ளையை எப்படி வளர்த்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். ஒரு கிழமைக்கு முன்னர் கேட்டிருந்தால் வாயெல்லாம் பல்லாக எழுதிக் கொடுத்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ நோர்பரியில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டுப் போன பிறகு எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். மலர் யூலையில் வரும், உனக்கு இன்றே அனுப்புகிறேன். உன்னுடையதைப் போன்ற நாற்காலிகளில் இருக்கிற மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் அச்சுக்கும் கொடுக்கிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே வாசி.

நண்டுக் கறியில் கை வைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாய். "மென்சா போறார் அம்மா. ரிசைன் பண்ணிட்டார். நல்ல மனுசன், சரியான கவலை." உன் மனைவி ஏன் என்று கேட்டாள். "ஏதோ இன்சூரன்ஸ் கொம்பனியாம். படிப்பிச்சது போதுமாம். ஆக்கள் வருவினம், போவினம். நான் என்ன செய்ய ஏலும்? நல்ல ஃபெயர்வெல் ஒண்டு வைப்பம்" என்றாய். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாய். நான் போட்டேன். போட்டுவிட்டு, "நீ அவரோட இருந்து கதைச்சனியே?" என்று கேட்டேன். "எச்.ஆர். கதைச்சிருப்பினம்" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மனைவிக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது என்று குசினிக்குப் போய், கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன்.

மென்சா என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. மலருக்காக மாற்றியிருக்கிறேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: என் மகனுடைய மூன்று பள்ளிக்கூடங்களில் ஒன்றில் நான் கவர் சுப்பர்வைசர். மகன் அங்கே தலைமைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அங்கே இருக்கிறேன். ஆசிரியர் ஒருவர் வராவிட்டால் அவருடைய வகுப்பில் போய் இருந்து, அவர் விட்டுச்சென்ற வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, வகுப்பு கலையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பாடம் நடத்துவது என் வேலை இல்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் நீ யாரோ நான் யாரோ என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். இன்றுவரை அதை மீறவில்லை. இன்றைக்கு மீறுகிறேன்.

மென்சா எங்களுக்குப் பௌதிகவியல் ஆசிரியர். தாய் தகப்பன் கானாவிலிருந்து வந்தவர்கள், இவர் இங்கே லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வாசலில் காவலுக்கு நிற்பவர் கறுப்பினத்தவர், சாப்பாட்டு மண்டபத்தைத் துப்புரவு செய்பவர் கறுப்பினத்தவர். வகுப்பில் நின்று பாடம் சொல்லிக்கொடுக்கும் கறுப்பின ஆண் இவர் ஒருவர்தான். நல்ல உயரம், அகன்ற தோள். குரலோ அவ்வளவு மெல்லியது, பின்வரிசையில் இருந்தால் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். பிள்ளைகள் தீட்டிக்கொண்டுதான் கேட்பார்கள். மின்சாரம் கம்பிக்குள் என்ன செய்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கினால் கடைசி மேசையில் தூங்குகிறவனும் தலையைத் தூக்குவான்.

அப்படிப்பட்ட மனிதரின் இடுப்பில் நீங்கள் கட்டிவிட்டிருப்பது வோக்கி டோக்கி. பக்கத்து வகுப்பில் ஒருவன் கதிரையைத் தூக்கி எறிந்தால் மென்சா. கொரிடோரில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்தால் மென்சா. வேறொரு ஆசிரியரைப் பார்த்து ஒரு பெடியன் முறைத்தால்கூட மென்சா. பாடம் நடுவில் நிற்கும், கையில் வயர் இருக்கும், இடுப்பில் அது கரகரக்கும். அவர் வகுப்பை ஒருமுறை பார்ப்பார். அதற்குள் என்னையும் கூப்பிட்டிருப்பார்கள், நான் வாசலில் வந்து நிற்பேன். "ஐந்து நிமிடம், ஆன்ட்டி" என்று பேனையை என் கையில் தந்துவிட்டுப் போவார். மணி அடிக்கும்போது வியர்த்து விறுவிறுத்து வருவார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, லீவும் இல்லை, அதே கட்டிடத்தில் இருக்கிறார். அப்படியிருந்தும் அவருடைய வகுப்பில் நான்தான் இருக்கிறேன். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "மிஸ், மென்சா சேர் எங்களுக்குப் படிப்பிக்க வந்தவரா, இல்லாட்டி செக்கியூரிட்டியா?" என்று கேட்டாள். குசும்புக்குக் கேட்கவில்லை, அடுத்த வருடம் சோதனை எடுக்க வேண்டிய பிள்ளை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். நான் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

ஒருமுறை இதைப் பற்றி ஜாடையாகக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அவர் அதில கெட்டிக்காரர் அம்மா, பெடியள் அவருக்கு மட்டும்தான் அடங்குவாங்கள்" என்றாய். அவரிடம் கேட்டாயா? நான் கேட்டேன். சிரித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "ஆன்ட்டி, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சண்டை என்றால் நூலகத்துக்குள் ஓடி ஒளிகிறவன். இன்றைக்கும் எனக்குப் பயம்தான். என் உயரத்தைப் பார்த்தே இந்த வேலையைத் தந்தார்கள்." மூன்று பள்ளிக்கூடங்களை ஆளுகிறவர்களுக்கு ஒரு மனிதனுடைய தோலையும் தோளையும் தாண்டி ஒன்றும் தெரியவில்லை என்றால் அது வெட்கக்கேடு, தம்பி. பெற்ற பிள்ளை என்பதற்காக இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஆட்களையும் விட்டுவைக்கப் போவதில்லை, இந்த மலரை வாசிக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே. பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தமிழ்த் தகப்பன் என்னைக் கொரிடோரில் மறித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அக்கா, பிள்ளையை வேற மாஸ்டரிட்ட மாத்த ஏலுமே?" "ஏன், படிப்பிக்கிறது விளங்கேல்லையாமோ?" என்றேன். "அப்பிடி இல்லை. ஆளைப் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு." அவர் இன்னும் ஆளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அகதி என்று வந்து இறங்கிய அன்று, ஹீத்ரோ விமான நிலையத்தில் எங்களைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று எவனோ ஒருவன் தனி அறைக்குக் கூட்டிப்போன கதையை இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லிச் சொல்லிக் கொதிக்கிறோம். அந்த வாயாலேயே இதையும் கேட்கிறோம். "முதல் போய் அவரோட கதையுங்கோ, பிறகு என்னட்ட வாங்கோ" என்றேன். அவர் என்னிடம் வரவில்லை, ஈமெயில் போட்டுவிட்டார். மென்சாவின் தொனி பிள்ளையைப் பயமுறுத்துகிறதாம்.

அந்த ஈமெயிலுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. எந்த நாள், என்ன பாடம், என்ன சொன்னார் என்று அந்தத் தகப்பனிடம் ஒருவரும் கேட்கவில்லை. மென்சாவைத்தான் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தார். நீ அவரைக் கூப்பிட்டு, தப்பு ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் பெற்றோருக்கு முன்னால் கொஞ்சம் கூடச் சிரித்தால் நல்லது என்று புத்தி சொன்னாய். பயமுறுத்துகிற ஆள் என்று காலையில் விளக்கம் கேட்டுவிட்டு, அதே பயத்துக்காகப் பின்னேரம் அவரைச் சண்டை விலக்க அனுப்பினீர்கள். சிரிக்கவும் வேண்டும், மிரட்டவும் வேண்டும், ஒரு மனிதன் எத்தனை முகத்தோடு வேலைக்கு வருவது? நீ அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அந்தத் தகப்பனை அழைத்து, இவர் எங்களுடைய நல்ல ஆசிரியர்களில் ஒருவர், குற்றம் என்றால் என்ன குற்றம் என்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு ஃபோன் எடுத்தால் முடிகிற வேலை.

போன வருடம் விஞ்ஞானப் பகுதித் தலைவர் இடத்துக்கு அவர் விண்ணப்பித்தார். நேர்முகத்தில் நீயும் இருந்தாய். இடம் வேறொருவருக்குப் போனது. அந்த வேறொருவர் புதிதாக வந்தபோது பக்கத்தில் நின்று வகுப்பெடுக்கப் பழக்கியவர் மென்சா. சரி, போட்டி என்றால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். பிறகு நீ அவரிடம் சொன்னதை எனக்கு ஃபோனில் பெருமையாகச் சொன்னாய். "உங்களைக் கொரிடோரில இருந்து இழக்க எங்களுக்கு ஏலாது எண்டு சொன்னன் அம்மா, மனம் நோகாமச் சொல்லிப்போட்டன்." தம்பி, அது மனம் நோகாத பேச்சா? பௌதிகவியல் படித்தவனுக்கு, உன் இடம் கொரிடோர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அவருடைய வகுப்புகளின் புள்ளிகள் கொஞ்சம் இறங்கியிருந்தன என்று இன்னொரு காரணமும் சொன்னாய். எப்படி ஏறும்? அந்த வகுப்புகளில் நான் அல்லவா இருந்தேன்? ஆளை வெளியே இழுத்ததும் நீங்கள், பிள்ளைகளின் புள்ளி குறைந்தது என்று அவர் தலையில் கட்டியதும் நீங்கள். இதற்கிடையில் பள்ளிக்கூட மதிலில் அவருடைய படம் பெரிதாகத் தொங்குகிறது. வெள்ளைக் கோட்டு, கையில் நீலத் தண்ணீர் நிரம்பிய சோதனைக் குழாய். பௌதிகவியல் ஆசிரியருக்கு இரசாயனக்காரரின் சோதனைக் குழாய் எதற்கு என்று படம் பிடித்தவனுக்கும் தோன்றவில்லை, பார்த்துச் சரி சொன்ன உங்களுக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் உனக்கு விளங்காத விஷயம் என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். உனக்கு விளங்கும். அப்டன் பார்க்கில் முதல் வேலைக்குப் போனாயே, கணித ஆசிரியராக. முதல் தவணை முடிவதற்குள் முகம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தாய். பள்ளிக்கூடத்துக்கு எந்தத் தமிழ்த் தாய் தகப்பன் வந்தாலும் உன்னைக் கூப்பிட்டார்கள். சண்டை பிடித்த தமிழ்ப் பெடியன், பள்ளிக்கூடத்துக்கு வராத தமிழ்ப் பெட்டை, எல்லார் வீட்டுக்கும் ஃபோன் எடுக்க நீ. தமிழ் மட்டுமா? தெலுங்குக் குடும்பம் ஒன்று வந்தபோதும் உன்னைத்தான் கூட்டிப்போய் விட்டார்கள், பார்வைக்கு ஒன்றுதானே என்று. அன்றைக்கு நீ சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் விழுந்து, "அம்மா, நான் கணக்கு வாத்தி, டிரான்ஸ்லேட்டர் இல்லை. நான் விடப்போறன்" என்றாய். நான் பயந்துபோய், கையில் கிடைத்த வேலையை விடாதே, பொறுத்துப் போ என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்டு நீ நிற்கவில்லை. உன்னை அங்கே நிற்க வைத்தது உன்னுடைய அதிபர்.

அந்த அம்மாவை நான் ஒருமுறைதான் பார்த்தேன், கட்டையான வேல்ஸ் மனுசி. நீ முகம் கறுத்துத் திரிகிறாய் என்று அவராகவே கவனித்தார். உன்னை அலுவலகத்துக்குக் கூப்பிடவில்லை, உன் வகுப்புக்கு வந்து, சின்னக் கதிரையில் இருந்து, பாடம் முடியும்வரை பார்த்தார். பிறகு, உங்களைக் கணிதத்துக்கு எடுத்தோம், இனி ஃபோன்கள் ஒஃபிசுக்குப் போகும், அடுத்த வருடம் எந்த வகுப்பு எடுக்க ஆசை என்று கேட்டார். நீ பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளின் ஏ லெவல் வகுப்பைக் கேட்டாய், தந்தார். அந்த வகுப்பிலிருந்துதான் நீ மேலே மேலே போனாய். இன்றைக்கு உனக்குக் கீழே எத்தனையோ பேர், ஒருவருடைய வகுப்பிலும் போய்ச் சின்னக் கதிரையில் இருக்க உனக்கு நேரம் இல்லை. உனக்குக் கிடைத்ததை இன்னொருவனுக்குக் கொடுக்க ஏன் கை வரவில்லை என்று யோசித்து யோசித்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அவரோடு தேத்தண்ணீர் குடித்தேன். போவது உண்மையா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். "போக வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?" "கவலை என்று சொன்னார்கள்." "இருப்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா?" அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லை ஆன்ட்டி. ஃபெயர்வெல்லுக்கு என்ன கேக் பிடிக்கும் என்று கேட்டார்கள்." நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அந்த மனிதருக்கு முன்னால் அழக்கூடாது என்று போனேன். அழுகை இல்லை அது, ஆத்திரம்.

இனி உனக்கு ஒரு சாட்டும் இருக்கக்கூடாது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கோடையோடு விலகுகிறவர்கள் அறிவிக்கக் கடைசி நாள் மே மாத முடிவு, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அவருடைய இடத்துக்கு விளம்பரம் இன்னும் போடவில்லை. அவர் தந்த ராஜினாமாவை அவர் விரும்பினால் திரும்பக் கொடுக்க உனக்கு அதிகாரம் உண்டு. விஞ்ஞானப் பகுதித் தலைவர் இந்தக் கோடையோடு மான்செஸ்டர் போகிறார், அந்த இடம் திரும்பக் காலியாகிறது. அதை மென்சாவிடம் சொல்ல உங்கள் ஒருவருக்காவது வாய் வந்ததா? போய்ச் சொல். தூக்கிக் கொடு என்று கேட்கவில்லை, நேர்மையாகப் பார்த்துக் கொடு. அந்த வோக்கி டோக்கியை அவர் இடுப்பிலிருந்து எடுத்து, பெரிய சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் முறை வைத்துப் பங்கு போடு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெடியன்கள் அவருடைய அறைக்கு வந்து மனம் விட்டுப் பேசுகிறார்கள், அவர் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். அதை அவர் விரும்பிச் செய்கிறார், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது வேலை. வேலைக்கு நேரமும் சம்பளமும் கொடு, முன்மாதிரி என்று வாயால் புகழ்ந்துவிட்டு நழுவாதே. அடுத்த முறை புது ஆசிரியரைத் தேடும்போது அவரையும் தெரிவு செய்கிறவர்களில் ஒருவராக நேர்முகத்தில் இருக்கக் கேள். கறுப்பின ஆண் என்று அவர் ஒருவரே எல்லாருக்குமாக நிற்கும் நிலை மாறினால்தான் அவருக்கு மூச்சு வரும்.

இவ்வளவும் செய்தாலும் அவர் போகலாம். அவருடைய வாழ்க்கை, அவருடைய முடிவு. ஆனால் கேட்காமல் அனுப்பினாய் என்ற பேச்சாவது வராது.

இன்னொன்று. இன்று காலை துணை அதிபரிடம் போனேன். "மிஸ்டர் மென்சாவுக்குக் காய்ச்சல், வருத்தம் என்றால் கூப்பிடுங்கள், ஓடிவருவேன். வேறு இடத்தில் சண்டை என்று அவரை வகுப்பிலிருந்து எடுத்தால் இனி அந்த வகுப்பில் போய் நான் இருக்க மாட்டேன்" என்றேன். நான் போய் இருப்பதால்தானே அவரை எடுக்க உங்களுக்கு வசதியாக இருந்தது. துணை அதிபர் ஒரு தாளை எடுத்து நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். "இது வேலையை மறுப்பது. மேலே அறிவிக்க வேண்டி வரும். மேலே என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார். "பெற்றவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

ஆகவே என் பெயரோடு ஒரு முறைப்பாடு உன் மேசைக்கு வரும். அம்மா என்று பார்க்காதே, விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ செய், எனக்கு அதில் ஒரு மனவருத்தமும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் ஒருநாள் அவருடைய பத்தாம் வகுப்புக்கு வா. பின்வரிசையில் ஒரு கதிரை போட்டு இரு. அவர் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். வோக்கி டோக்கி கூப்பிட்டால் நீ எழும்பிப் போ. அவர் இருந்து பாடத்தை முடிக்கட்டும்.

அம்மா